அடிபட்டவர் யாருடைய நோயாளி?

சாலையில் அடிபட்டு வருபவருக்குக் கால் முறிந்திருந்தால் எலும்பு மருத்துவர் பார்ப்பார். தலையில் அடி என்றால் நியூரோ சர்ஜன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் பொது அறுவை மருத்துவர். மூன்றும் ஒரே ஆளுக்கு நேர்ந்திருந்தால், முதல் அரைமணி நேரத்துக்கு அவர் யாருடைய நோயாளி? மேலோட்டமாகப் பார்த்தால் இது நிர்வாகக் கேள்வி. ஆனால் ரத்தம் கேட்டுக் கையெழுத்திடுவது யார், ஸ்கேனுக்கு அனுப்புவது யார், தியேட்டரைத் தயார்செய்யச் சொல்வது யார் என்பதெல்லாம் இதன் விடையைப் பொறுத்தே அமைகின்றன. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொன்னது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். இத்தனை பேர் சாகும் நாட்டில், அவர்களை முதலில் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் யாராக இருக்க வேண்டும் என்பது இன்னும் தீராத விவாதமாகவே நிற்கிறது.

இந்த விவாதத்தை ஆராய ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. 108 ஆம்புலன்ஸ் பிறந்தது அங்கே. கார்ப்பரேட் மருத்துவமனைகள் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக முன்கூட்டியே வளர்த்த நகரங்களில் அதுவும் ஒன்று. உஸ்மானியா, காந்தி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளும், நிம்ஸ் என்னும் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனமும், விபத்துக் காயங்களை வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்த பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் அங்கே இருக்கிறார்கள். எல்லாப் பதில்களும் ஒரே நகரத்தில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இயங்குகின்றன.

பழைய ஏற்பாடு

முதல் பதில் காலனிய மருத்துவமனையிலிருந்து வந்தது: கேஷுவால்டி. ஹைதராபாத்தின் அஃப்சல்கஞ்ச் மருத்துவமனை 1866இல் தொடங்கியது. 1908இன் மூசி வெள்ளம் அதைச் சிதைத்த பிறகு, ஆற்றங்கரையிலேயே எழுந்த பெரிய கட்டடம்தான் உஸ்மானியா. மற்ற இந்திய அரசு மருத்துவமனைகளைப் போலவே இங்கும் கேஷுவால்டி என்பது ஒரு துறையாக அல்ல, ஒரு வாசலாகவே அமைந்தது. அங்கே நிற்பவர் டூட்டி டாக்டர். பெரும்பாலும் பணியில் இளையவர், அல்லது பயிற்சி மருத்துவர். அடிபட்டவரைப் பார்த்து, எந்த வார்டுக்கு உரியவர் என்று பிரித்து அனுப்புவதே அவர் வேலையாகக் கருதப்பட்டது.

இதோடு சட்டமும் வந்து சேர்ந்தது. விபத்து, தாக்குதல், விஷம், தீக்காயம் ஆகியவை போலீஸ் வழக்கோடு தொடர்புடையவை என்பதால், முதலில் பதிவேடு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதை ஏ.ஆர். என்ட்ரி என்பார்கள், ஹைதராபாத்தில் எம்.எல்.சி. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தது, எங்கே, எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், உடம்பில் இரண்டு அங்க அடையாளம், ஒவ்வொரு காயத்தின் நீள அகலம், காவல் நிலையத்துக்குத் தகவல் போன நேரம். நள்ளிரவில் வாசலில் நான்கு ஸ்ட்ரெச்சர் நிற்கும்போது இவ்வளவையும் எழுதுகிறவரும் ரத்தக்கசிவை நிறுத்த வேண்டியவரும் ஒரே ஆள்தான். 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதைத் தாமதப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததே நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். அங்கே நின்ற இளம் மருத்துவர்கள் வேறெங்கும் கிடைக்காத கைத்திறனைக் கற்றார்கள். ஆனால் அந்தத் திறன் அங்கே தங்கவில்லை. முறை முடிந்ததும் அவர்கள் வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள். வாசலில் சேர்ந்த அனுபவத்துக்கு வாரிசு இல்லை. அதை ஆய்வாக எழுத நேரமும் இல்லை. கேஷுவால்டி முறையின் பெரிய பலவீனம் இதுதான் என்று தோன்றுகிறது.

துறை பிறந்த வழிகள்

மேலை நாடுகளிலும் தொடக்கம் இப்படித்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1952இல் மாரிஸ் எல்லிஸ் என்பவர் கேஷுவால்டிக்கென்றே முழுநேர முதுநிலை மருத்துவராக அமர்த்தப்பட்டார். கேஷுவால்டி மருத்துவர்களின் சங்கம் 1967இல் உருவானது. அமெரிக்காவில் 1961இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஜேம்ஸ் மில்ஸும் உடனிருந்தவர்களும் தங்கள் சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவை முழுநேரம் கவனிக்க முடிவெடுத்தார்கள். 1970இல் சின்சினாட்டியில் முதல் முதுநிலைப் பயிற்சி, 1979இல் தனித்துறையாக அங்கீகாரம். வாசலில் நிற்பவரே அத்துறையின் நிபுணர், அவர் வாழ்நாள் முழுதும் அங்கேயே நிற்பார் என்பது இவர்களின் பதில்.

அறுவை மருத்துவர்களுக்கு இது முழுதாக ஒப்பவில்லை. வியன்னாவில் 1925இலேயே லோரென்ஸ் போலர் விபத்துக் காயங்களுக்கென்று ஒரு மருத்துவமனையை நடத்தினார். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் விபத்து அறுவை மருத்துவர் என்பது தனித் தொழிலாகவே வேரூன்றியது. பால்டிமோரில் ஆர். ஆடம்ஸ் கௌலி நிறுவிய அதிர்ச்சிக் காய மையமும் அறுவை மருத்துவரின் தலைமையை முன்வைத்ததுதான். அடிபட்டவர் சாவதற்குப் பெரும்பாலும் ரத்தப்போக்கே காரணம், அதை நிறுத்துவது கத்தி, ஆகவே கத்தி பிடித்தவரே தலைவர் என்பது இந்தத் தரப்பின் வாதம். இதன் பலவீனமும் தெரிந்ததே: அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை, தலைக்காயத்தில் சாவது மூளை வீக்கத்தாலும் மூச்சு தடைபடுவதாலும்கூட.

பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாவது வழியில் போனார்கள். அவர்களின் சாமு அமைப்பில் மருத்துவரே, பெரும்பாலும் மயக்கவியலிலோ தீவிர சிகிச்சையிலோ தேர்ந்தவர், ஆம்புலன்ஸில் ஏறி விபத்து நடந்த இடத்துக்கே வருவார். செலவு அதிகம், ஒரு நோயாளிக்காக ஒரு மருத்துவர் சாலையில் நிற்கும் நேரமும் அதிகம்.

இந்தியா இந்த மூன்றில் எதையும் முழுதாகத் தேர்ந்தெடுக்கவில்லை. டெல்லி எய்ம்ஸின் ஜெய்பிரகாஷ் நாராயண் விபத்துக் காய மையம் 2006இல் திறந்தபோது அறுவை மருத்துவர்கள் வழிநடத்தும் முறையை ஒட்டியே வளர்ந்தது. அவசர மருத்துவத்தைத் தனி முதுநிலைப் பட்டமாக இந்திய மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்ததோ 2009இல்தான். அதற்கு முன்பே வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை ஸ்ரீராமச்சந்திராவிலும் அத்துறை நடைமுறையில் இருந்தது. ஹைதராபாத்தில் 1988இல் ஜூபிலி ஹில்ஸில் தொடங்கிய அப்போலோ, அவசர மருத்துவரை வாசலில் நிறுத்தும் முறையை எடுத்துக்கொண்டது. 1066 என்ற தன் ஆம்புலன்ஸ் எண்ணையும் பிரிட்டிஷ் கல்லூரித் தேர்வுகளுக்கான பயிற்சியையும் அதோடு இணைத்தது. அரசின் பட்டம் வருவதற்கு முன் தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுச் சான்றிதழ்களோடு ஒரு தலைமுறை அவசர மருத்துவர்களை உருவாக்கிவிட்டன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான்.

வெளியே போவது யார்?

2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியது. நிறுவியவர் சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு. சேவையை நடத்திய நிறுவனத்தின் பெயரிலேயே மேலாண்மையும் ஆய்வும் இடம்பெற்றிருந்தன: இ.எம்.ஆர்.ஐ., அதாவது அவசரநிலை மேலாண்மை மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். 2009 ஜனவரியில் சத்யத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது ஆம்புலன்ஸ் சேவையும் நின்றுவிடுமோ என்ற அச்சம் இருந்தது. ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது, சேவை தொடர்ந்தது. அதற்குள் 2008 செப்டம்பரிலேயே 108 தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. இலங்கையில் இந்திய நிதியுதவியோடு 2016 ஜூலையில் தொடங்கிய 1990 சுவசெரிய சேவையும் இதே நிறுவனத்தின் துணையோடு அமைந்ததுதான். அதன் பணியாளர்கள் ஹைதராபாத்துக்கு வந்து பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். 2018இல் அது வடமாகாணத்துக்கும் விரிந்தபோது, ஹைதராபாத்தில் உருவான ஒரு நடைமுறை யாழ்ப்பாணத் தெருக்களுக்கும் வந்துசேர்ந்தது.

வெளியே போவது மருத்துவரா மற்றவரா என்ற கேள்விக்கு 108 சொன்ன பதில் நுட்பமானது. வண்டியில் மருத்துவர் இல்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற இ.எம்.டி. எனும் அவசர மருத்துவ உதவியாளர்தான் இருக்கிறார். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு மருத்துவர் இருக்கிறார். ஓடும் வண்டியிலிருந்து உதவியாளர் அவரை அழைத்து நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு இருக்கிறதா இல்லையா என்று வரிசையாகச் சொல்வார். எந்த ஊசி, எவ்வளவு, எந்த மருத்துவமனை என்று மருத்துவர் சொல்ல, அது பதிவாகும். நோயாளியை இறக்கிவிட்டதோடு கோப்பு மூடப்படுவதில்லை. 48 மணி நேரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு போகும். இருக்கிறாரா, எந்த நிலையில் இருக்கிறார்? ஒரு மருத்துவரின் பணிவாழ்க்கையே ஹெட்போனும் திரையுமாக அமைவது அதற்கு முன் இந்தியாவில் ஏறக்குறைய இல்லாத ஒன்று. அந்த 48 மணி நேர அழைப்பே பிற்பாடு பல ஆய்வுகளுக்கு வழி திறந்தது.

2007 முதல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அவசர மருத்துவத் துறை, எஸ்.வி. மகாதேவன், மேத்யூ ஸ்ட்ரெலோ ஆகியோர் வழியாக இந்த நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றியது. இ.எம்.ஆர்.ஐ. தரப்பில் ஜி.வி. ரமணா ராவ் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் பொறுப்பாக இருந்தார். மூச்சுத்திணறல், பிரசவம் போன்றவற்றுக்கு 108ஐ அழைத்தவர்களைப் பல மாநிலங்களில் பின்தொடர்ந்து, ஒரு மாதம் வரை அவர்கள் என்ன ஆனார்கள் என்று பதிந்த ஆய்வுகள் இப்படி வந்தன. 2016இல் பாபியார்ஸ் குழுவினர் வெளியிட்ட கட்டுரை ஆந்திரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் இந்தச் சேவை வந்ததற்கும் சிசு மரண வாய்ப்பு குறைந்ததற்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது.

இங்கே ஒரு நிதானம் தேவை. மேற்சொன்ன வலுவான தரவுகள் பிரசவத்தையும் நோயையும் சார்ந்தவை. விபத்துக் காயத்தில் 108 எத்தனை உயிரைக் காத்தது என்பதற்கு அதே தரத்தில் சான்று காட்டுவது கடினம். வெளிநாட்டுச் சான்றும் எளிதாகத் துணைக்கு வருவதில்லை. கனடாவின் ஒண்டாரியோவில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு, ஆம்புலன்ஸில் கூடுதல் உயர்சிகிச்சை சேர்த்தபோது பலத்த காயமடைந்தோர் பிழைக்கும் விகிதம் உயரவில்லை என்று கண்டது. நினைவிழந்த நிலையில் இருந்தவர்களிடம் பலன் இன்னும் மோசமாகவே இருந்தது. ஆகவே வண்டியில் மருத்துவர் இல்லாததைக் குறை என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் ஒண்டாரியோவில் வண்டி போய்ச் சேரும் மருத்துவமனை ஓரளவு ஒரே தரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஹைதராபாத்தில் வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதே அடுத்து நடப்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு மணி நேரம் என்ற கணக்கு

விபத்து சிகிச்சையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் சொல்வது பொன்னான ஒரு மணி நேரம். இச்சொல்லைப் பரப்பியவர் கௌலி. இந்தியாவில் 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதைச் சட்ட வரையறையாகவே ஆக்கியது. தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது முதல் 48 மணி நேரச் செலவை, அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அரசு ஏற்கும் என்றது. 2025இல் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வரம்பிட்டது. இந்தக் கொள்கைகளின் அடியில் காலம் பற்றிய ஒரு நம்பிக்கை இருக்கிறது.

அந்த நம்பிக்கையின் அடித்தளத்தைத் தேடிப் போனவர்கள் உண்டு. லெர்னர், மொஸ்காட்டி ஆகிய இருவரும் 2001இல் எழுதிய கட்டுரை, அறுபது நிமிடம் என்ற எண்ணுக்கு நேரடியான ஆதாரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. 2010இல் நியூகார்டு குழுவினர் வட அமெரிக்காவில் 3,656 நோயாளிகளை ஆராய்ந்து, ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். மும்பையின் சயான் மருத்துவமனையிலிருந்து 2017இல் வந்த ஆய்வும், முன்சிகிச்சை இல்லாத சூழலில் வந்துசேரும் நேரம் மட்டும் பிழைப்பைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. எனினும் இவற்றையெல்லாம் சேர்த்து நேரம் முக்கியமில்லை என்று படிப்பது தவறு. தாமதமாக வந்தும் உயிரோடிருப்பவர்கள் ஏற்கெனவே தாக்குப்பிடித்தவர்கள்; வழியிலேயே இறந்தவர்கள் இந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை.

நேரத்துக்கு ஆதரவான தெளிவான சான்று வேறு திசையிலிருந்து வந்தது. 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் நடந்த கிராஷ்-2 சோதனை, ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும், விலை மலிவான டிரான்எக்ஸாமிக் ஆசிட் மருந்து இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைத்ததை 2010இல் காட்டியது. அதில் இந்திய மருத்துவமனைகளின் பங்கு பெரியது. அடுத்த ஆண்டு வந்த பகுப்பாய்வு இன்னும் முக்கியம்: மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்மை, அதற்குப் பின் கொடுத்தால் தீமையாகவும் முடியலாம். ஆக, ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஒரு குறிப்பிட்ட காலவரம்பு உண்டு என்பது நிறுவப்பட்டுவிட்டது. எல்லாக் காயத்துக்கும் பொதுவான ஒரு மணி நேரம் என்பது நிறுவப்படவில்லை.

ஹைதராபாத்துக்கு இதுபோன்ற ஒரு விவாதம் புதிதல்ல. 1888இலும் 1889இலும் அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையில் குளோரோஃபார்ம் ஆணையம் இரு முறை கூடியது. ரெசிடென்சி மருத்துவர் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்தினார். நிஜாம் அரசு செலவை ஏற்றது. லண்டனின் லான்செட் இதழ் சார்பில் லாடர் பிரன்டன் வந்து சேர்ந்தார். குளோரோஃபார்மில் சாவு வருவது மூச்சு நிற்பதாலா, இதயம் நிற்பதாலா என்பதே கேள்வி. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்து, மூச்சுதான் என்று ஆணையம் அடித்துச் சொன்னது. 1911இல் குட்மன் லெவி, குறைந்த மயக்கத்திலேயே இதயத் துடிப்பு சீர்குலைந்து சாவு நேரலாம் என்று காட்டினார். ஆணையத்தின் முடிவு அதோடு ஆட்டம் கண்டது. ஆனாலும் மயக்கம் கொடுப்பவர் நோயாளியின் மூச்சைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று லாரி பிடிவாதமாகச் சொன்ன நடைமுறை உயிர்களைக் காத்திருக்கும் என்றே தோன்றுகிறது. கொள்கை பிழையாக இருந்தும் பழக்கம் நன்மை செய்யலாம். பொன்னான ஒரு மணி நேரத்தையும் இந்த வகையில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

யாரை எண்ணுகிறோம்?

ஆய்வு என்று வரும்போது ஹைதராபாத் தந்த மிகப் பயனுள்ள பங்களிப்புகளில் ஒன்று மருத்துவமனையிலிருந்து வரவில்லை. ராக்கி டண்டோனாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000களின் நடுவில் நகர மக்களிடையே விபத்துக் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். 2008இல் வெளிவந்த அந்தக் கட்டுரைகளில் ஒன்று, போலீஸ் பதிவையும் மக்கள் சொன்னதையும் ஒப்பிட்டது. வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களில் மிகச் சொற்பமானவர்களின் விபத்தே போலீஸ் பதிவில் இருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நாட்டின் சாலை விபத்துக் கணக்கு முழுவதும் போலீஸ் பதிவின் மேல்தான் நிற்கிறது என்பதை யோசித்தால் இதன் கனம் புரியும். இறப்பையாவது ஓரளவு எண்ணுகிறோம். கால் இழந்தவர், நினைவு மங்கியவர், வேலைக்குத் திரும்பாதவர் ஆகியோரை எண்ணுவதே இல்லை.

அரசு மருத்துவமனை வாசலிலிருந்தே உலகத்தரமான ஆய்வு வர முடியும் என்பதற்கு ஹைதராபாத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள வாரங்கல் சாட்சி. அங்குள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் 1997 முதல் 2002 வரை பூச்சிமருந்து குடித்து வந்த 8,040 பேரை ஸ்ரீநிவாச ராவும் உடனிருந்தோரும் தொகுத்தார்கள். இறந்தவர்கள் 22.6 சதவீதம். மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்ஃபான் போன்ற மருந்துகள் எப்படிக் கொல்கின்றன என்று காட்டி, சிகிச்சையைச் சீராக்குவதோடு விற்பனையையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்தக் கட்டுரை 2005இல் வாதிட்டது. கருவி பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. பதிவேட்டை ஒழுங்காக வைத்து, அதை உட்கார்ந்து படிக்க ஆட்களுக்கு நேரம் ஒதுக்கினால் போதுமாயிருந்தது. வாசலில் நின்ற மருத்துவரே கேள்வியையும் கேட்டார் என்பதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு தர வேண்டும்.

காயத்தில் இதற்கு நிகரான முயற்சி மும்பை, டெல்லி, கொல்கத்தா நகரங்களின் பொது மருத்துவமனைகளை இணைத்து நோபோஜித் ராய் முதலானோர் நடத்திய பதிவேடு. அதில் சேர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார். இந்த வகைப் பதிவேட்டின் பலம் எளிமை: வந்த நேரம், முதல் ரத்த அழுத்தம், நினைவுநிலை, 30ஆம் நாளின் நிலை. ஹைதராபாத்தின் அரசு மருத்துவமனைகள் அந்த வரிசையில் இல்லை. ஆம்புலன்ஸ் தரவில் வலுவாக இருக்கும் நகரம், வண்டி இறக்கிவிட்ட பிறகு நடப்பதில் மௌனமாகிவிடுகிறது என்பதே என் மதிப்பீடு.

கூட்டாய்வுகள் பற்றியும் ஒரு மனக்குறை பேசப்படுகிறது. கேள்வி வெளிநாட்டில் உருவாகிறது, நோயாளி இங்கே, முதல் ஆசிரியர் அங்கே என்பதுதான் அது. குறையில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கூட்டு இல்லாதிருந்தால் 108இன் தரவு ஆண்டறிக்கைப் புள்ளிவிவரமாகவே முடங்கியிருக்கும் என்பதும் உண்மை. உள்ளூர் மருத்துவருக்கு ஆய்வுக்கான நேரத்தைச் சம்பளத்தோடு தரும் ஏற்பாடு இல்லாதவரை இந்தச் சமநிலை மாறும் என்று எதிர்பார்க்க முடியாது.

வாசலில் ஒரு பணிவாழ்க்கை

இதெல்லாம் ஓர் இளம் மருத்துவரின் முடிவில் வந்து நிற்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஏன் அவசர மருத்துவம் எடுக்க வேண்டும்? சொந்தமாக கிளினிக் வைக்க வழியில்லாத துறை இது. நோயாளி தேடி வந்து பெயர் சொல்லிக் கேட்கமாட்டார். இரவுப் பணி முப்பது வயதில் பழகும், ஐம்பதில் உடம்பு கேட்காது. உறவினர்களின் கோபம் முதலில் விழுவதும் இவர்மேல்தான். ஒன்றுபட்ட ஆந்திரம் 2008இலேயே மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. ஆனாலும் 2020 ஜூனில் காந்தி மருத்துவமனையின் இளநிலை மருத்துவர்கள் தாக்குதலுக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது.

பட்டங்களின் குழப்பம் தனி. அரசு அங்கீகாரம் பெற்ற எம்.டி., தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி., பிரிட்டிஷ் கல்லூரியின் தகுதி, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தனியார் மருத்துவமனைகள் நடத்தும் பயிற்சி என்று நான்கு வழிகள். கடைசி இரண்டில் வந்தவர்கள் கார்ப்பரேட் மருத்துவமனையில் துறையையே நடத்தலாம். அரசுக் கல்லூரியில் ஆசிரியராக முடியாது. தனியார் முந்திக்கொண்ட அந்தப் பழைய வரிசையின் விளைவு இது. திறமையுள்ள ஒரு தலைமுறை, கற்பிக்க வேண்டிய இடத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. பிரிட்டிஷ் தகுதி வைத்திருப்பவருக்கு விமானம் ஏறுவது உஸ்மானியாவில் சேருவதைவிட எளிது.

அரசின் நிலைப்பாடும் ஊசலாடியது. 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் 30 படுக்கையோடு அவசர மருத்துவத்துறை கட்டாயம் என்றது. 2023இன் விதிகளில் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அது நீங்கியது. ஆசிரியர் கிடைக்கவில்லை என்பது நீக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம். ஆசிரியர் வேலை உறுதியில்லாத துறையை மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை, மாணவர் இல்லாத துறைக்கு ஆசிரியர் உருவாவதில்லை. இந்தச் சுழலை விதி உடைத்திருக்க வேண்டும். உடைக்கும் முன்பே விலகிக்கொண்டது வருத்தத்துக்குரியது.

விடை வராதவை

நிபுணர் வாசலில் நிற்பதால் சாவு குறைகிறதா? பயிற்சி பற்றிய நிலையே இதற்கு எச்சரிக்கை. 1976இல் நெப்ராஸ்காவில் விமான விபத்தில் மனைவியை இழந்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர், தன் குழந்தைகளுக்குக் கிடைத்த சிகிச்சையின் தரத்தைக் கண்டு மனம் நொந்து தொடங்கிய ஏ.டி.எல்.எஸ். எனும் விபத்துக் காய சிகிச்சைப் பயிற்சி உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் அது இறப்பைக் குறைக்கிறது என்பதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை எதையும் காணவில்லை என்று 2014இன் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. அந்த இடைவெளியை நிரப்ப, மருத்துவமனைகளையே குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்கும் முயற்சி ஒன்றை மார்ட்டின் கெர்டின் வார்ன்பெர்க் தலைமையிலான ஸ்வீடிஷ்–இந்தியக் குழு இந்தியாவில்தான் எடுத்துக்கொண்டது. சில நாள் பயிற்சிக்கே சான்று தேட வேண்டியிருக்கும்போது, முழுத்துறையின் பலன் பற்றி உறுதியாகப் பேசுவது அவசரமாகும். உடலியல் தர்க்கமும் மற்ற நாடுகளின் அனுபவமும் துறைக்குச் சாதகமாகவே இருக்கின்றன. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

இரண்டாவது, தலைமை யாருக்கு என்ற பழைய சண்டை. முதல் அரைமணி நேரம் அவசர மருத்துவருக்கும் அதன்பின் அறுவை மருத்துவருக்கும் என்று பிரிப்பது பல இடங்களில் நடைமுறையாகிவருகிறது. நிபுணர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கும் மருத்துவமனையில் இது பொருந்தும். மாவட்ட மருத்துவமனையில், இரவில் மயக்க மருத்துவர் ஒருவரே உள்ள இடத்தில், இந்தப் பிரிவினை காகிதத்தில்தான் நிற்கும்.

மூன்றாவது, ஹைதராபாத்துக்கே உரியது. உஸ்மானியாவின் பழைய கட்டடம் 2020 மழையில் நீர் புகுந்து மூடப்பட்டது. 2025 ஜனவரியில் கோஷாமகாலில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இடம் மாறும் முன்பும் பின்பும் ஒரே வகையான பதிவேடு இருந்தால், நிபுணர் வருவதற்கு முன் எத்தனை பேர் பிழைத்தார்கள், வந்தபின் எத்தனை பேர் என்று ஒரே நகரில், ஒரே மக்களிடம், ஒப்பிட வாய்ப்பு கிடைக்கும். அதற்கு எம்.எல்.சி. எழுதும் அதே தாளில் இன்னும் நான்கு வரி போதும்: முதல் ரத்த அழுத்தம், முதல் நினைவுநிலை, முதலில் பார்த்த மருத்துவரின் தகுதி, முப்பதாம் நாள் அவர் எங்கே இருக்கிறார். புதிய கட்டடம் எழுந்து முடிவதற்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும். பழைய வாசலின் கணக்கைப் பிற்பாடு யாராலும் திரட்ட முடியாது.